சப்பாத்துச் சின்னத்தில் வென்ற எங்கள் அப்பா

அப்பாவின் மரண அறிவித்தலை எழுத உட்கார்ந்தபோது ஓரிடத்தில் எல்லாரும் தடக்கி நின்றுவிட்டோம். "யாழ்ப்பாணம் மீசாலையைப் பிறப்பிடமாகவும் துபாய் ஜெபல் அலியை வதிவிடமாகவும் கொண்ட" என்பது வரை சிக்கல் இல்லை. அதன் பிறகு அப்பா வகித்த பதவியைப் போடவேண்டும். கனடாவிலிருந்து தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்த அண்ணா, "களஞ்சியப் பொறுப்பாளர் எண்டு போடு" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் வரவேற்பறைத் தரையில் அமர்ந்திருந்த செல்வம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. செல்வம் புதுக்கோட்டைக்காரர். அப்பாவோடு ஒரே தொழிலாளர் முகாமில் இருந்தவர். களஞ்சியத்தில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர்.

"தங்கச்சி, அது கம்பெனி குடுத்த வேலை. நாங்க குடுத்த வேலையப் போடுங்க" என்றார்.

அவர்கள் கொடுத்த வேலையைத்தான் கடைசியில் போட்டோம். "தொழிலாளர் நலக் குழுவின் தேர்ந்தெடுக்கப்பட்ட முன்னாள் உறுப்பினர்" என்று அச்சில் வந்ததைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து பலர் அழைத்தார்கள். அப்பா எந்தக் கட்சி, எப்போது அரசியலுக்குப் போனார் என்றெல்லாம் கேட்டார்கள். அவர்களுக்கு அன்று விளக்கமாகச் சொல்ல முடியவில்லை. ஓராண்டு நிறைவில் இந்த நினைவு மலரில் சொல்கிறேன்.

அப்பா எந்த நாட்டின் சட்டசபையிலும் இருந்தவர் அல்லர். ஜெபல் அலியில் அவர் வேலை செய்த நிறுவனத்தின் தொழிலாளர் முகாம் பல கட்டடத் தொகுதிகளாக இருந்தது. ஒவ்வொரு தொகுதியும் ஓர் உறுப்பினரைத் தெரிவு செய்யும். அந்த உறுப்பினர்கள் மாதம் ஒருமுறை நிர்வாகத்தோடு மேசைக்கு முன் அமர்ந்து பேசுவார்கள். அவ்வளவுதான் அந்தச் சபை. ஆனால் பெரிய சபைகளில் இருந்தவர்களுக்கு என்னென்ன நேருமோ அத்தனையும் அப்பாவுக்கும் நேர்ந்தது. தோற்றார், வென்றார், ஒரு சட்டம் கொண்டுவந்தார், அந்தச் சட்டத்தால் சொந்த ஆட்களிடமே மறுபடி தோற்றார்.

மீசாலையில் தொடருந்துப் பாதைக்குப் பக்கத்தில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவரின் நான்காவது பிள்ளையாக அப்பா பிறந்தார். உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகத்துக்குப் போதுமான புள்ளிகள் வரவில்லை. அடுத்த மாதமே ஊர்ச் சங்கக்கடையில் உதவியாளராகச் சேர்ந்துவிட்டார். கூட்டுறவுச் சங்கத்தின் கடை என்பதால் அங்கே ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் நடக்கும். ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், கைகளை எண்ணுவார்கள். பங்கீட்டுச் சீனிக்கு வரிசையில் நின்ற அதே மனிதர் கூட்டத்தில் எழுந்து நின்று தலைவரைக் கேள்வி கேட்பார். அப்பாவுக்கு அந்தக் கூட்டங்கள் திருவிழாப் போல. மற்றவர்கள் வடையும் தேத்தண்ணியும் வரும்வரை பொறுமையாக இருப்பார்கள். அப்பா கடைசித் தீர்மானம்வரை இருப்பார். "மண்ணெண்ணெய் அளக்கிறவனையும் எழும்பி நிண்டு கதைக்க விட்ட இடம்" என்று சங்கக்கடையைப் பற்றி எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

போர் அந்தக் கடையின் கூரையைக் கொண்டுபோனது. நாங்கள் வவுனியாவுக்கு இடம்பெயர்ந்து, அம்மாவின் உறவினர் வீட்டில் ஓர் அறையில் இருந்தோம். அண்ணாவுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தது, நான் கைக்குழந்தை. அப்பாவுக்கு நிலையான வேலை கிடைக்கவில்லை. அந்த நேரத்தில்தான் சார்ஜாவில் வேலை செய்துகொண்டிருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, அப்பாவுக்கு விசா ஒழுங்கு செய்தார். களஞ்சியத்தில் இலிகிதர் வேலை. கப்பலில் வந்து இறங்கும் பெட்டிகளில் என்ன இருக்கிறது, அது எந்த அடுக்குக்குப் போகிறது என்று பதிவு செய்யவேண்டும். சங்கக்கடையில் அரிசி மூட்டைகளைப் பதிந்தவருக்கு இது புதிதாக இருக்கவில்லை. ஊர் மட்டும்தான் புதிது.

புதிது என்றால் முகாமில் காதில் விழுந்த எல்லாமே புதிது. அப்பாவின் தொகுதியில் பாகிஸ்தானியர், நேபாளியர், வங்காளியர், கேரளத்தார், தமிழ்நாட்டார் எல்லாரும் இருந்தார்கள். இலங்கைத் தமிழர் ஒரே ஓர் அறையில், ஊரில் இருப்பதுபோலவே ஒன்றாக இருந்தார்கள். எல்லாருக்கும் பொதுவான மொழி இந்தி. அப்பா அதை முகாம் கன்டீனில் கற்றார். அதனால் அவருடைய இந்தியில் சாப்பாட்டுக்கு வேண்டிய சொற்கள் நன்றாக வரும், மற்றவை சந்தேகத்தோடு வரும்.

அவர் போன இரண்டாம் ஆண்டில், தொழிலாளர் நலக் குழுவுக்கு ஒவ்வொரு தொகுதியும் ஆளைத் தெரிவு செய்யலாம் என்று நிர்வாகம் அறிவித்தது. பெயர் கொடுக்க எல்லாருக்கும் தயக்கம். மேலதிகாரிகளுக்கு முன்னால் வாய் திறந்தவனை அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று பேச்சு. அப்பா அன்று மாலையே பெயர் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அழைத்துச் சொன்னபோது அம்மா தலையில் கை வைத்தார்.

"உங்களுக்கு இதெல்லாம் தேவையோ? போன இடத்தில வேலையைப் பாத்துக்கொண்டு இருக்கலாம்தானே."

"சங்கக்கடையில நடக்கிறமாதிரித்தான், பயப்பிடாதை. ஆரோ ஒருதர் கதைக்கத்தானே வேணும்" என்றார் அப்பா.

அவருக்கு எதிராக நின்றவர் ரஷீத் பாய். பெஷாவர்க்காரர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்களுக்கெல்லாம் மேற்பார்வையாளர், முகாமில் அவருடைய தேநீரைக் குடிக்காதவர் இல்லை. கன்டீனில் இருவரும் பேசவேண்டும். ரஷீத் பாய் எழுந்து, "என்னை உங்களுக்குத் தெரியும்" என்று ஒரே வரி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அப்பா ஒரு வாரமாகப் பாடமாக்கிய பேச்சோடு எழுந்தார். நான் பொய் பேசமாட்டேன் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. இந்தியில் ஜூட் என்றால் பொய், ஜூத்தா என்றால் காலில் போடுகிற சப்பாத்து. அப்பா நெஞ்சை நிமிர்த்தி, "மே ஜூத்தா நஹி போல்தா" என்றார். நான் சப்பாத்துப் பேசமாட்டேன்.

கன்டீன் சிரித்து ஓய வெகுநேரம் பிடித்ததாம். அப்பாவுக்கு என்ன பிழை என்று விளங்கவில்லை. ஆனாலும் உட்காரவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, மிச்சப் பேச்சையும் முடித்தார். நடுவில் அதே வசனம் இன்னொரு தடவை வந்தது. மறுபடியும் சிரிப்பு. மறுபடியும் காத்திருந்து முடித்தார்.

தேர்தலில் படுதோல்வி. இலங்கை அறையிலிருந்த சிலர்கூட ரஷீத் பாய்க்கு வாக்களித்ததாகப் பிறகு ஒப்புக்கொண்டார்கள். அடுத்த நாள் அப்பா வாழ்த்துச் சொல்லப் போனார். ரஷீத் பாய் அவரை இருத்தி, தேநீர் கொடுத்து, முதல் கூட்டத்துக்குத் தன்னோடு வரும்படி கேட்டார். இதை ரஷீத் பாயே கடந்த மாதம் எங்கள் வீட்டில் உருதுவில் சொன்னார். செல்வம் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"நான் மேலாளர் முன்னால் போனால், அவர் ஒருமுறை சிரித்தாலே திரும்பி வந்துவிடுவேன். இந்த ஜூத்தா பாய் அப்படித் திரும்பி வரமாட்டார். இருநூறு பேர் சிரித்தும் உட்காராத ஆளை நான் வேறெங்கே பார்த்தேன்?"

அப்படித்தான் அவர்களின் நட்பு தொடங்கியது. அந்தப் பதவிக்காலம் முழுவதும் உறுப்பினர் ரஷீத் பாய், பக்கத்து நாற்காலியில் அப்பா. அடுத்த தேர்தல் வந்தபோது ரஷீத் பாய் தான் நிற்கமாட்டேன் என்று சொல்லி, அப்பாவின் பெயரை முன்மொழிந்தார். அதோடு விடவில்லை. தன்னுடைய பழைய வேலைச் சப்பாத்து ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொகுதியின் வாசலில் தொங்கவிட்டார். நம்முடைய ஆட்களுக்குச் சப்பாத்தைத் தலைக்கு மேல் தொங்கவிடுவது அவமானமாகப் பட்டது. அப்பா அண்ணாந்து பார்த்துச் சிரித்துவிட்டு, "சின்னம் ஒண்டு கிடைச்சிட்டுது, இனி வெற்றிதான்" என்றார். வென்றார்.

அந்த முதற் காலத்தில் அப்பா செய்தவை சின்னக் காரியங்கள். பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் நிழலுக்குக் கூரை வந்தது. கோடையில் குழாயைத் திறந்தால் கொதிநீர் கொட்டும். தண்ணீர்த் தொட்டிக்கு மேல் பந்தல் போட வைத்தார். கன்டீன் பருப்பில் பருப்பும் இருக்கவேண்டும் என்று பேசியதாகச் சொல்லிச் சிரிப்பார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொலைபேசியில் எங்களுக்கு இந்தச் செய்திகள் வரும். மற்றப் பிள்ளைகளின் அப்பாமார் வெளிநாட்டிலிருந்து படம் போட்ட சட்டை வாங்கி அனுப்புவதைப் பற்றிக் கதைப்பார்கள். எங்கள் அப்பா தண்ணீர்த் தொட்டிக்குப் பந்தல் போட்ட கதையைச் சொல்லுவார். எனக்கு அது பெருமையாகவே இருந்தது. வகுப்பில், என் அப்பா துபாயில் எம்.பி. என்று சொல்லி ஆசிரியையிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறேன்.

அவருடைய பெரிய வேலை இரண்டாவது தடவை வென்ற பிறகு வந்தது.

களஞ்சியத்தில் பகல் வேலைக்கு ஒரு கூட்டம், இரவு வேலைக்கு ஒரு கூட்டம். ஆனால் முகாம் அறைகளில் ஆட்கள் ஊர்ப்படியும் மொழிப்படியும் இருந்தார்கள். அதனால் எந்த அறையிலும் யாருக்கும் முழு நித்திரை இல்லை. இரவு வேலை முடித்து வந்தவன் கண்ணை மூடும்போது பகல் வேலைக்குப் போகிறவன் லைட்டைப் போட்டுக்கொண்டு சட்டையைத் தேடுவான். விடுமுறை நாளில் ஒருவன் நாடகம் பார்ப்பான், இன்னொருவன் தலையணையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு சபிப்பான். எல்லாருக்கும் இது தொல்லை. எல்லாரும் இதற்குப் பழகியும் இருந்தார்கள்.

செல்வம் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு நாள் இரவு வேலையில் ஃபோர்க்லிஃப்டை ஓட்டிக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டார். வண்டி போய் ஓர் அடுக்கின் காலில் மோதியது. மேலிருந்த பெட்டிகள் அவருக்கு முன்னால் சரிந்து விழுந்தன. நல்லவேளையாக அந்த இடத்தில் யாரும் நிற்கவில்லை. செல்வத்துக்குக் கையில் சிராய்ப்பு மட்டும்.

"அந்தப் பொட்டிங்க விழுந்த இடத்துலதான் தாப்பா நின்னுக்கிட்டிருந்தாரு. அந்த நேரம் பாத்துத் தண்ணி குடிக்க அந்தாண்ட போயிருந்தாரு. அவ்வளவுதான் தங்கச்சி" என்று செல்வம் இன்றைக்கும் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். தாப்பா நேபாளி, அப்பாவின் களஞ்சியத்தில் பொதி கட்டுகிறவர்.

நிர்வாகம் செல்வத்தை ஊருக்கு அனுப்ப முடிவு செய்தது. அப்பாவும் ரஷீத் பாயும் முகாம் மேலாளரைப் பார்க்கப் போனார்கள். மேலாளர் எகிப்து நாட்டவர், கண்டிப்பானவர், ஆனால் கேட்கக்கூடியவர். தூங்கியது செல்வத்தின் தவறுதான் என்று அப்பா முதலிலேயே ஏற்றுக்கொண்டார். பிறகு, அவன் ஏன் தூங்கினான் என்று அறையை வந்து பாருங்கள் என்றார். மேலாளர் வந்து பார்த்தார். இரவு வேலை முடித்த மூன்று பேர் படுத்திருந்த அறையில் இரண்டு பேர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

மேலாளர் சொன்னது நியாயமானது. "அறைகளை வேலை நேரப்படி மாற்ற முன்பு நானே சொன்னேன். உங்கள் ஆட்கள்தான் முடியாது என்று சண்டை போட்டார்கள். அவர்களைச் சம்மதிக்க வையுங்கள். சம்மதித்தால் இந்தப் பையன் இருக்கலாம். இல்லையென்றால் நான் எதைக் காட்டி அவனை வைத்திருப்பது?"

ஆக, ஒரு மனிதரின் வேலை ஒரு தொகுதியின் வாக்கெடுப்பில் வந்து நின்றது. வெள்ளிக்கிழமை கன்டீனில் கூட்டம். அப்பா கொண்டுவந்த தீர்மானம் மிகச் சுருக்கமானது. ஓர் அறையில் ஒரே வேலை நேரத்தவர்தான் இருக்கவேண்டும். ஊர், மொழி எதுவும் கணக்கில் வராது.

எதிர்ப்பு எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. தங்கள் ரொட்டியை வேறு யார் சுடுவது என்று பெஷாவர்க்காரர் கேட்டார்கள். மீன் பொரிக்கிற அறையில் எப்படிப் படுப்பது என்று இன்னொரு பக்கம். எல்லாரையும்விடக் கோபமாக எழுந்தவர் அப்பாவின் சொந்த அறையில் இருந்த சண்முகம் அண்ணை. கரவெட்டிக்காரர், நல்ல மனிதர், கோபம் வந்தால் மட்டும் குரல் பெரிதாகும்.

"நீங்கள் எங்கட வாக்கில வந்தனீங்கள். நாள் முழுக்க இந்தியில மாரடிச்சிட்டு வந்து, தமிழில நாலு வார்த்தை கதைக்கிறது அந்த அறையில மட்டும்தான். அதையும் பிரிக்கிறதுக்கோ நாங்கள் உங்களை அனுப்பினனாங்கள்?"

அப்பா சண்முகம் அண்ணையின் பக்கம் திரும்பினாராம். பிறகு சொன்னார்:

"சண்முகம், நீர் சொல்லுறது சரி. எனக்கும் அந்த அறைதான் வீடு. ஆனா இந்தப் பெடியன்ர வண்டிக்கு முன்னால அண்டைக்கு ஆரும் நிக்கேல்லை. நாளைக்கு நீர் நிப்பீர், இல்லாட்டி நான் நிப்பன். தமிழில கதைக்கிறதுக்கு முதல்ல உயிரோட இருக்கவேணும். நான் என்ர பெட்டியை முதல்ல தூக்குறன். எந்த அறை எண்டு நீங்களே சொல்லுங்கோ, அங்க போறன்."

ரஷீத் பாய் உடனே எழுந்து, தன் பெட்டியும் கட்டியாகிவிட்டது என்றார். அது பொய், பெட்டி கட்டிலுக்கடியில் அப்படியே இருந்தது என்று இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறார். தாப்பா எழுந்து நின்று கையை உயர்த்தினார். எண்ணிப் பார்த்தபோது தீர்மானம் மயிரிழையில் தப்பியது. செல்வமும் தப்பினார்.

அப்பா புதிய அறைக்குப் போனார். ரஷீத் பாய், தாப்பா, டாக்காவைச் சேர்ந்த ஒரு தையற்காரர், கொல்லத்துக்காரர் ஒருவர், அப்பா. முதல் வாரம் சாப்பாட்டில் சண்டை. இரண்டாம் வாரம் ஆளுக்கொரு நாள் சமைப்பதென்று முடிவானது. அப்பாவின் முறை வந்த நாளில் அவர் கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தார். உறைப்பே இல்லாத இதைக் கறி என்று ஏன் சொல்கிறீர்கள் என்று கொல்லத்துக்காரர் கேட்டாராம். ரஷீத் பாய் மட்டும் சட்டியைத் துடைத்துச் சாப்பிட்டார். ஒன்று மட்டும் எல்லாருக்கும் பிடித்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள், ஒரே நேரத்தில் படுத்தார்கள். வந்தபின் இப்படி நித்திரை கொண்டதில்லை என்று அப்பா அம்மாவிடம் சொன்னார்.

ஆனால் அடுத்த தேர்தலில் தோற்றார். அவரைத் தோற்கடித்தது தமிழ் வாக்குகள். இலங்கை அறையில் இருந்தவர்கள் அறைவிட்டு அறை போய் அவருக்கு எதிராக வேலை செய்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை அப்பாவின் அழைப்பு வழக்கத்தைவிடப் பிந்தி வந்தது. குரலில் உற்சாகம் இல்லை. எங்கட ஆக்கள் கைவிட்டிட்டாங்கள் என்று மட்டும் சொன்னார். அம்மா அவரைத் தேற்றவில்லை.

"நல்லதாப் போச்சு. இனியாவது மற்றவையின்ர நித்திரையைப் பற்றி யோசிக்காமல் நீங்கள் நித்திரை கொள்ளுங்கோ."

அந்தப் பக்கம் அப்பா சிரித்த சத்தம் எங்கள் கூடத்துக்கே கேட்டது. தோல்வியின் கனம் அத்தோடு இறங்கிவிட்டது என்று பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார்.

பதவி இல்லாவிட்டாலும் அவரிடம் முறையிட வருகிறவர்கள் குறையவில்லை. வந்தவர்களைப் புதிய உறுப்பினரிடம் தானே கூட்டிப்போவார். சட்டம் மட்டும் அப்படியே நின்றது. கொஞ்ச காலத்தில் மற்றத் தொகுதிகளிலிருந்தும் ஆட்கள் வந்து, எங்களுக்கும் இப்படிச் செய்யலாமா என்று கேட்கத் தொடங்கினார்கள். நிர்வாகம் முழு முகாமுக்கும் அதையே விதியாக்கியது. அதற்கடுத்த தேர்தலுக்குப் பெயர் கொடுக்கும் நாளில், அப்பா பேசாமல் கன்டீனின் பின்வரிசையில் இருந்தார். சண்முகம் அண்ணை எழுந்தார்.

"நான் இவரை முன்மொழியிறன். என்னட்டை ஒண்டும் கேக்காதேங்கோ. நான் இப்ப நல்லா நித்திரை கொள்ளுறன், அவ்வளவுதான்."

அது அப்பாவின் மூன்றாவது வெற்றி. அதன் பிறகு அவர் போட்டியிடவில்லை. இளையவர்கள் வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

படிப்பு முடித்து நானும் துபாய்க்கே கணக்காளராக வந்தபோது அப்பாவின் தலை நரைத்திருந்தது. விடுமுறை நாளில் அவரைப் பார்க்க முகாம் வாசலுக்குப் போவேன். வாசலிலிருந்து பஸ் நிற்கும் இடம் கூப்பிடு தூரம்தான். அந்தத் தூரத்தை அப்பாவோடு நடக்க அரை நாள் வேண்டும். ஒருவர் வந்து லீவு கிடைக்கவில்லை என்பார், இன்னொருவர் மகள் பிறந்த செய்தி சொல்லுவார், மூன்றாமவர் சும்மா கை கொடுப்பார். அப்பா என்னை ஒவ்வொருவருக்கும் அறிமுகம் செய்வார். பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸும் போய்விடும்.

ஓய்வு பெற்ற பின் அப்பாவும், ஊரிலிருந்து அம்மாவும் என்னோடு டிஸ்கவரி கார்டனில் இருந்த வீட்டுக்கு வந்தார்கள். அண்ணா கனடாவுக்குக் கூப்பிட்டும் அப்பா போகவில்லை. குளிர் என்று காரணம் சொன்னார். விடுமுறை நாட்களில் முகாமுக்குப் போக முடியாது என்பதுதான் உண்மைக் காரணம் என்று அம்மா சொல்லுவார். எங்கள் கட்டடத்துக்கு வந்து ஒரு மாதத்துக்குள், நான் ஆறு ஆண்டுகளாக முகம்கூடப் பார்த்திராத அயலவர்கள் எல்லாருடைய பெயரையும் அப்பா தெரிந்துவைத்திருந்தார். பழுதாகிக் கிடந்த மின்தூக்கி எப்படித் திருத்தப்பட்டது என்பதை நான் இங்கே எழுதவேண்டியதில்லை. அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

போன ஆண்டு இருதயம் சோர்ந்தது. மருத்துவமனையில் இருந்த நாட்களிலும் அவர் கட்டிலில் கிடக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்குக் குளிர்காற்று நேரே முகத்தில் அடிக்கிறது என்று தாதியை அழைத்து முறையிட்டார். பாலக்காட்டுப் பக்கத்துப் பெண் அவர். "அப்பா, இங்க எலெக்ஷன் ஒண்ணும் இல்ல, படுங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் போய்க் குளிரூட்டியின் திசையை மாற்றிவிட்டார். வீட்டுக்கு வந்து மூன்று வாரங்கள் நன்றாக இருந்தார். ஒரு காலை, தேத்தண்ணி குடித்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் படுக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிப் படுத்தார். எழும்பவில்லை. எந்த வேதனையும் இல்லாத முடிவு என்று மருத்துவர் சொன்னார்.

தகன நாளில் நடந்ததையும் எழுதத்தான் வேண்டும். வந்திருந்த சிலர் அதைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள், வராதவர்கள் வேறுவிதமாகக் கேள்விப்பட்டிருக்கிறார்கள்.

அண்ணாவின் கடவுச்சீட்டு புதுப்பிக்கக் கொடுக்கப்பட்டிருந்தது. எவ்வளவு முயன்றும் அவரால் உரிய நாளில் வந்து சேர முடியவில்லை. கொள்ளி வைக்க மகன் இல்லை. நான் வைக்கிறேன் என்றேன். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய பெரியவர்கள் கூடாது என்றார்கள். மாமாவுக்கும் மனம் ஒப்பவில்லை. அப்பாவைத் துபாய்க்கு அழைத்துவந்தவர் அவர். அன்று காலையிலிருந்து ஓடி ஓடி எல்லா அலுவல்களையும் பார்த்தவரும் அவர்தான்.

"பிள்ளை, பொம்பிளைப் பிள்ளையள் கொள்ளி வைக்கிற வழக்கம் எங்களிட்டை இல்லை. அத்தானுக்கு நான் வைக்கிறன். ஒண்டும் குறை வராது" என்றார்.

அவர் அன்பில்தான் சொன்னார். மண்டபத்தில் முகாமிலிருந்து வந்த ஆட்கள் நிறைந்திருந்தார்கள். இரவு வேலை முடித்த களைப்போடு, சீருடையோடு, நிறுவனம் கொடுத்த பஸ்ஸில் வந்திருந்தார்கள். என்ன தடங்கல் என்று தெரியாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது, அதுவரை அப்பாவின் காலடியில் அசையாமல் இருந்த அம்மா எழுந்தார்.

"தம்பி, இதை நீயும் நானும் தீர்மானிக்க ஏலாது. இவர் ஒரு நாளும் ஆக்களைக் கேக்காமல் ஒண்டும் செய்ததில்லை. இதில நிக்கிற எல்லாரையும் கேப்பம்." பிறகு செல்வத்தைப் பார்த்தார். "மகள் வைக்கலாமோ எண்டு கேளுங்கோ தம்பி. சம்மதமெண்டால் கையை உயர்த்தட்டும்."

செல்வம் அதைத் தமிழிலும் இந்தியிலும் சொன்னார். முதலில் உயர்ந்தது சண்முகம் அண்ணையின் கை. பின்னால் தாப்பாவின் கை, கொல்லத்துக்காரரின் கை, எனக்குப் பெயர் தெரியாத பல கைகள். வேறு மதத்துச் சடங்கில் தனக்கு என்ன வாக்கு என்பதுபோல ரஷீத் பாய் கதவருகில் ஒதுங்கி நின்றார். "பாய், நீங்களும்தான்" என்று அம்மா சொன்ன பிறகு அவரும் உயர்த்தினார். மாமா மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கண்களைத் துடைத்தார். துடைத்த கையை அப்படியே உயர்த்தினார்.

அப்பாவுக்கு நான் கொள்ளி வைத்தேன். மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

துயரச் செய்தி கேட்டு வந்தவர்களுக்கும், வர முடியாமல் தொலைபேசியில் அழுதவர்களுக்கும், அன்றிலிருந்து முப்பத்தோராம் நாள்வரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். குளிரூட்டியின் திசையை மாற்றிய தாதிக்கு, அவர் பெயரைக் கேட்டு வைக்காமல் விட்ட வருத்தத்தோடு, நன்றி. பஸ் கொடுத்து, வேலை நேரத்தில் ஆட்களை அனுப்பிய நிறுவனத்தாருக்கு நன்றி. மாதம் தவறாமல் வந்து அம்மாவோடு தேத்தண்ணி குடித்து, தனக்குத் தெரியாத தமிழில் அவர் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்கிற ரஷீத் பாய்க்கு வெறும் நன்றி போதாது. செல்வத்துக்கும் சண்முகம் அண்ணைக்கும் தாப்பாவுக்கும் அப்படியே.

அப்பாவின் சட்டம் அந்த முகாமில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதை யார் கொண்டுவந்தார் என்று இப்போது அங்கே வந்து சேர்கிற புதியவர்களுக்குத் தெரியாது. தெரியவேண்டியதுமில்லை. இதை நீங்கள் வாசிக்கிற இந்த நேரத்திலும் ஜெபல் அலியில் இரவு வேலை முடித்து வந்தவர்கள் திரைச்சீலையை இழுத்துவிட்டு, லைட்டை அணைத்துவிட்டு, யாரும் எழுப்பாத நித்திரையில் இருப்பார்கள்.

மகள், குடும்பத்தார் சார்பில்